ஹந்தாவின் உள்ளங்கை

ஹந்தா சென்னொசுகேயின் வலது உள்ளங்கைக்குக் கண் இருந்ததாம். இதைச் சொன்னது ஊரார் இல்லை, அவரேதான். மறைந்த முரோதா பிரபு தூரிகை பிடித்து எழுதிய சுருள் எது, போலி எது என்று சொல்ல அவர் சுருளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லையாம். சுருட்டியபடியே வாங்கி மடியில் கிடத்துவார். அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். "குருநாதரோட மூச்சு ஏறி வருது" என்பார். பிறகு சுருள் வந்த மரப்பெட்டியின் மூடியைத் திருப்பி, உட்புறத்தில் 'முரோதா ஸொகென் கையால் எழுதியது, ஐயமில்லை' என்று எழுதிச் சிவப்பு முத்திரையைக் குத்துவார். அந்த மூடி இல்லாத சுருளைத் தோக்கியோவில் ஒருவரும் சீந்துவதில்லை.

"அடேயப்பா! நம்ம கடையில முதுகு தேய்க்கிறவன்கூட முதுகைப் பாத்துட்டுத்தானே தேய்க்கிறான்" என்றாள் ஒமாசா, இந்தக் கதையை முதல்முதலாகக் கேட்ட அன்று.

ஒமாசா தோக்கியோவின் ஷிதாயா பகுதியில் பொதுக் குளியல்கூடம் நடத்துகிறவள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உயரமான இருக்கையில் உட்கார்ந்து காசு வாங்குவது அவள் வேலை. கணவன் கிச்சிசோ பின்னால் கொதிகலனுக்கு விறகு தள்ளுவான். அந்த இருக்கையிலிருந்து அவள் பார்க்காத தொப்பை கிடையாது. நீதிபதி, நெல் வியாபாரி, பழைய சாமுராய், புதுப் பணக்காரன் எல்லோரும் அவள் கண்ணுக்குக் கீழேதான் இடுப்புத் துணியை அவிழ்க்க வேண்டும். ஹந்தாவும் ஒரு காலத்தில் வந்து போனவர்தான். உடம்பில் பதினேழு வாள் காயம் இருப்பதாக இப்போது மேடைக்கு மேடை முழங்குகிறாரே, அப்போது அவள் கண்டதெல்லாம் முதுகில் இரண்டு கட்டியும் ஒரு படையும்தான்.

ஆனால் அந்த மனிதரின் உள்ளங்கையை நம்பித்தான் ஒமாசாவின் அப்பா பெயர் இருந்தது. அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா பெயர் நகாய் குன்பெய். ஷோகுன் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நாளில், ஒமாசாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டியவர் முரோதா. அப்போது அவர் பிரபு இல்லை, வாளும் கோபமுமாகத் திரிந்த இளைஞர். சண்டை என்றால் சாவு வரத்தான் செய்யும், அதற்காக யாரும் யாரையும் கேவலமாகப் பேசமாட்டார்கள். ஆனால் அப்பாவின் காயம் முதுகில் இருந்தது. "வாளை உருவினேன், திரும்பி ஓடினான்" என்று முரோதா சொன்னார். சாமுராய் முதுகில் வெட்டுப்பட்டால் வேறு விசாரணை எதற்கு? மூன்று நாளில் வீட்டைப் பிடுங்கினார்கள், படியரிசியை நிறுத்தினார்கள், குடும்பப் பெயரை ஏட்டிலிருந்து அடித்தார்கள். கோயிலில் முன்னோர் வரிசையில் இடம் தராமல், முள்ளங்கிப் பாத்திக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். அம்மா இதே குளியல்கூடத்தில் அடுத்தவர் முதுகு தேய்த்து ஒமாசாவை வளர்த்தாள். தெருப் பிள்ளைகள் ஒமாசாவைக் கண்டால் இரண்டு கையாலும் முதுகை மூடிக்கொண்டு ஓடிக் காட்டும்.

முரோதாவுக்கோ ஏறுமுகம். ஆட்சி மாறியபோது ஒரு கோட்டையைச் சண்டையில்லாமல் கைமாற்றிக் கொடுத்தார், உடனே நாட்டைக் காத்தவர் ஆனார். அரண்மனையில் ஆலோசகர் ஆனார், பட்டம் வாங்கினார். தினமும் வாள் பயிற்சி, தினமும் எழுத்து. கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். மந்திரி கேட்டாலும் எழுதுவார், சோயா கட்டி விற்பவன் கேட்டாலும் எழுதுவார். 'பொறுமை' என்று எழுதுவார், 'தெளிந்த மனம்' என்று எழுதுவார். தோக்கியோவில் தடுக்கி விழுந்தால் அவருடைய பொறுமையின் மேல்தான் விழ வேண்டும். தூரிகையை எடுக்காமல் இழுத்த எழுத்து, ஒரே வீச்சு! வாளின் உயிர் தூரிகையில் இறங்கிவிட்டது என்று பத்திரிகைக்காரர்கள் உருகினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தப் பெரிய மனிதர் ஒமாசாவின் குளியல்கூடத்துக்குத் தனியாக வந்தார். மற்றவர்களைப் போலவே காசு வைத்தார், குளித்தார். எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் வீங்கிப் போயிருந்தது. உடுத்திக்கொண்டு வந்து இருக்கைக்குக் கீழே நின்றார்.

"நகாய் குன்பெய் மகள் நீங்கதானா?"

"ஆமா. நீங்க யாரு?"

அதற்கு அவர் மடித்த காகிதம் ஒன்றை மேலே நீட்டினார். "படிச்சுப் பாருங்க. எரிச்சாலும் சரி, வெச்சுக்கிட்டாலும் சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லித் தரையில் நெற்றி படக் கும்பிட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் செத்தும் போனார்.

ஒமாசா அதைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையை மூடிவிட்டாள். முதலில் அழுதாள். பிறகு ஆத்திரம் வந்தது. அரண்மனையில் வாய் திறந்தால் நாடே கேட்கிற மனுஷன், ஊர் கேட்கச் சொல்ல வேண்டியதைக் குளியல்கடைக்கு வந்து காதோடு காதாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்! தன் பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறான். 'இஷ்டம்' என்றானே, அந்தச் சொல்தான் அவளுக்கு அடங்கவேயில்லை.

காகிதத்தை அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். வேறு என்ன செய்ய? பிரபுவின் பெருமை பேசாத வாய் இல்லாத ஊரில், குளியல்கடைக்காரி போய் யாரிடம் சொல்வது?

இந்த வருடம்தான் வேளை வந்தது. அப்பாவின் பழைய சமஸ்தானத்துக்காரர்கள் சங்கம் வைத்து, அந்தக் கலவர வருடங்களில் இறந்த தங்கள் ஆட்களுக்குக் கோயில் வளாகத்தில் நினைவுக்கல் நடத் தீர்மானித்தார்கள். நாற்பத்து மூன்று பெயர். நகாய் குன்பெய் அதில் இல்லை. ஒமாசா காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளர் ஒனிஷியிடம் போனாள்.

ஒனிஷி கிழவர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை படித்தார். மடித்து அவள் பக்கமே தள்ளினார்.

"ஏம்மா, இதை வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்லைங்க."

"அப்போ நானும் படிக்கலை. கேட்டியா? நான் இதைப் படிக்கவே இல்லை."

"பெரியவரே, ரெண்டு தடவை படிச்சீங்க!"

"மெதுவாப் பேசும்மா! முதுகுல வெட்டு வாங்கினவர் பேரைக் கல்லுல வெட்டணும்னா, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. பிரபுவோட எழுத்துன்னு ஹந்தா ஐயா மூடியில எழுதிக் கொடுக்கட்டும். மறுநாளே கல்தச்சன்கிட்டச் சொல்றேன். மாசக் கடைசிக்குள்ள வரணும். அதுக்கப்புறம் கல்லை நட்டுடுவாங்க."

மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

ஒமாசா மறுநாளே ஹந்தா வீட்டுக்குப் போனாள். வாசல் நடையில் மண்டியிட்டு, துணியில் சுற்றிய காகிதத்தை முன்னால் வைத்துத் தலை குனிந்தாள். ஹந்தா உள்ளே, பாதி மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பீங்கானில் மூடி உரசுவது கேட்டது. விஷயத்தைச் சொன்னாள்.

"யாரு, குளியல்கடைக்காரியா?" என்றது குரல். "குருநாதர் உனக்கு எழுதினாரா? அதுவும் தப்புப் பண்ணிட்டேன்னு?"

"பிரிச்சுப் பாருங்க ஐயா. அவர் முத்திரை இருக்கு."

"பிரிக்கணுமா? எனக்கா? இங்கிருந்தே தெரியுது, போலி. இன்னொரு தடவை இதைத் தூக்கிட்டு வந்தா போலீசைக் கூப்பிடுவேன். போ, போ. வாசல்ல சோப்பு நாத்தம் வேற."

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒமாசா வீட்டுக்கு வந்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஒருவன் காசு வைக்காமல் உள்ளே போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"விட்டுடு ஒமாசா" என்றான் கிச்சிசோ, கரி படிந்த முகத்தோடு. "அவனுங்க பெரிய இடம். நமக்கு எதுக்கு வம்பு?"

"உங்களுக்கென்ன, விறகைத் தள்ளிட்டுப் போயிடுவீங்க. முள்ளங்கிப் பாத்தியில கிடக்கிறது எங்க அப்பா."

"அதுக்கு நான் என்ன பண்ண? அந்த ஆளு பிரிச்சே பாக்கமாட்டேங்கிறானே!"

ஒமாசா நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"பிரிச்சே பாக்கமாட்டேங்கிறான்னு..."

"அதேதான்" என்றாள் ஒமாசா. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவனுக்கு ஒரு மீன் கூடுதலாக விழுந்தது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

தன் கல்யாணத்து இடுப்புப் பட்டையை எடுத்தாள். கனத்த ஜரிகைப் பட்டு, வீட்டில் இருந்த ஒரே நல்ல துணி. அதையும் காகிதத்தையும் சுருள் ஒட்டுகிறவனிடம் கொடுத்து, பட்டு விளிம்பு வைத்து, தந்தக் குமிழ் போட்டு, ராஜா வீட்டுச் சுருள் மாதிரி ஒட்டித் தரச் சொன்னாள். அவன் படித்தான், ஒமாசாவை ஒருமுறை பார்த்தான். கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

முரோதாவின் நினைவு நாள் இருபத்து நான்காம் தேதி வந்தது. கோயில் பெரிய மண்டபத்தில் இருநூறு பேர். துணை மந்திரியின் மனைவி, பட்டு வியாபாரிகள், மேல்நாட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்த அதிகாரிகள், முன்வரிசையில் ஒனிஷி கிழவர். பிக்குகள் ஓதி முடித்ததும் எல்லோரும் காத்திருந்த கூத்து ஆரம்பித்தது. சுருள் வைத்திருந்தவர்கள் வாசலில் பெட்டியைக் கொடுத்து, சீட்டில் விவரம் எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும். ஹந்தாவின் சீடர்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏந்தி அவர் முன்னால் கொண்டுபோவார்கள். ஒமாசா அப்பாவின் குலச்சின்னம் போட்ட கறுப்பு உடையில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னத்தை அவளே ராத்திரி ராத்திரியாகத் தைத்திருந்தாள்.

ஹந்தா கையை வைத்தார், மூச்சை இழுத்தார், எழுதினார். கையை வைத்தார், மூச்சை இழுத்தார், "ஊஹும், இதுல உயிரில்லை" என்று தள்ளினார். தள்ளப்பட்டது ஒரு ஏழை வாத்தியாருடையது, பருத்தித் துணி விளிம்பு. பட்டு விளிம்பு போட்ட எதிலும் உயிர் இல்லாமல் போகவில்லை என்பதை ஒமாசா எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"பதினாலாவது" என்றான் சீடன். "விவரம்: குருவின் கடைசி எழுத்து."

மண்டபம் சலசலத்தது. சுருள் ஹந்தாவின் மடிக்குப் போனது. ஜரிகையின் கனத்தில் உள்ளங்கை ஒரு கணம் நின்றது. தந்தக் குமிழை விரல் தடவிப் பார்த்தது. ஹந்தா இதுவரை இழுக்காத நீளத்துக்கு மூச்சை இழுத்தார், கண்ணோரம் நீர்கூட வந்துவிட்டது.

"இதுதான்!" என்றார். "இன்னிக்கு வந்ததுலேயே உயர்ந்தது இதுதான். ஒவ்வொரு எழுத்தும் குருநாதரோட நெஞ்சுலேர்ந்து வந்திருக்கு. கை சுடுதுய்யா!" மூடியைத் திருப்பிப் பெரிதாக எழுதினார்: 'ஒரு சொல்லும் ஐயமின்றி முரோதா ஸொகெனின் உண்மை உள்ளம்.' முத்திரையைக் குத்தினார். "இதைப் பெட்டிக்குள்ள வைக்கக்கூடாது. குருநாதர் நினைவுப் பலகைக்குப் பக்கத்துல மாட்டுங்க. எல்லாரும் தரிசிக்கட்டும்!"

இரண்டு சீடர்கள் சுருளைக் கொக்கியில் மாட்டிக் கயிற்றை அவிழ்த்தார்கள். பட்டு சரசரவென்று இறங்கியது. உள்ளே ஒரே வீச்சான பெரிய எழுத்து எதுவும் இல்லை. குனிந்து, நடுங்கி, கோணல் மாணலாகச் சிறிய எழுத்துகள், கீழே முரோதாவின் முத்திரை. முன்வரிசையில் இருந்த பிக்கு பழக்கதோஷத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"'உஷிகொமே சரிவில் உள்ள சாராயக் கடையில் நான் சுவரில் ஒரு கவிதை எழுதினேன். நகாய் குன்பெய் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். எழுத்து மோசம்தான். மழை பெய்தது. அவர் வாசலில் நின்று குடையை விரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் வெட்டினேன். அவருடைய வாள் உறைக்குள் இருந்தது. அவர் ஓடவில்லை. ஓடினார் என்றது என் பொய். அதன்பிறகு...'" அங்கேதான் என்ன படிக்கிறோம் என்று பிக்குவுக்கு உறைத்தது.



"போலி!" ஹந்தா துள்ளி எழுந்தார். "போலி, போலி! குருநாதர் கை இப்படியா நடுங்கும்? எவனோ சதி பண்ணியிருக்கான்!"

ஒமாசா தூணோரத்திலிருந்து எழுந்தாள். "மூடியைப் பாருங்க ஐயா. மை இன்னும் காயலை."

"யாரு நீ?"

"சோப்பு நாத்தம் புடிச்சவ. பத்து நாள் முன்னாடி உங்க வாசலுக்கு வந்தேன். அன்னிக்குப் பிரிக்காமலே போலின்னு துரத்துனீங்க. இன்னிக்குப் பிரிக்காமலே நிஜம்னு எழுதுனீங்க. ரெண்டும் ஒரே காகிதம். நடுவுல மாறினது என் கல்யாணப் பட்டு ஒண்ணுதான். அப்போ உங்க கைக்குத் தெரிஞ்சது என்ன ஐயா, எழுத்தா, பட்டா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த ஏழை வாத்தியாராகத்தான் இருக்கும்.

ஒமாசா நியாயத்துக்காக யாராவது வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். திறந்தார்கள், ஆனால் நியாயத்துக்காக இல்லை. துணை மந்திரியின் மனைவி விசிறியை மடக்கினாள். "ஹந்தா ஐயா, எங்க வீட்டுல ஆறு சுருள் இருக்கு. ஆறும் உங்க கை வெச்சதுதான். இது போலின்னா அதெல்லாம்?"

"எங்க வீட்டுல பதினொண்ணு!" என்றார் பட்டு வியாபாரி, முகம் வெளுத்து. "சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க ஐயா. உங்க கை தப்புப் பண்ணாது. பண்ணவே பண்ணாது. என்ன சொல்றீங்க?"

ஹந்தா உள்ளங்கையை உடையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இருநூறு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"குருநாதர்..." என்றார் கடைசியில். "குருநாதரோட கைதான். அவர்... தன் பிழையைக்கூட மறைக்காத மகான்."

மண்டபம் மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டது. "ஆகா!" என்றார்கள். "என்ன பெரிய மனசு!" என்றார்கள். "இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒமாசா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெட்டியவனுக்கு ஆகா ஓகோ. குடையோடு விழுந்தவனுக்கு அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தூ! துணியோடு இருந்தாலும் இவர்கள் அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

ஒனிஷி கிழவரிடம் போனாள். "இப்பவாவது படிச்சீங்களா பெரியவரே?"

"படிச்சேன்மா" என்றார் கிழவர் தலையைக் குனிந்துகொண்டு. "பேரு வரும்."

வந்தது. மாசக் கடைசியில் கல்லை நட்டபோது ஒமாசாவும் கிச்சிசோவும் போனார்கள். முன்பக்கத்தில் நாற்பத்து மூன்று பெயரும் வரிசையாக இருந்தன. ஒமாசா மேலிருந்து கீழே தேடினாள், கீழிருந்து மேலே தேடினாள்.

"முன்னாடி இடம் நிறைஞ்சுபோச்சும்மா" என்றான் கல்தச்சன். "அதனால பின்னாடி போடச் சொல்லிட்டாங்க."

"பின்னாடியா?" கிச்சிசோ கையிலிருந்த ஊதுவத்திக் கட்டைத் தரையில் அடித்தான். "அட பாவிகளா! மறுபடியும் முதுகுலயே போட்டுட்டானுங்களே!"

ஒமாசா சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பெரிய வெறுங்கல்லில் நட்டநடுவே 'நகாய் குன்பெய்' என்று ஒரே பெயர். கல்லின் முகம் கோயிலைப் பார்த்தது. அங்கே வருடத்துக்கு ஒருநாள் தொப்பிக்காரர்கள் வந்து போவார்கள். முதுகு, வேலிக்கு வெளியே இருந்த சந்துப் பக்கம் பார்த்தது. ஷிதாயாவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் அவள் கடைக்கு அந்தச் சந்து வழியாகத்தான் குளிக்க வர வேண்டும். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வருஷத்து அழுகை மொத்தமும் அப்போதுதான் வந்தது. கிச்சிசோ என்ன செய்வதென்று தெரியாமல் ஊதுவத்திகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

தெருமுனைத் தச்சர் மரத்தொட்டியும் துண்டுமாக அந்த வழியே வந்தார். நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நகாய் குன்பெய். யாரும்மா இவரு, தனியா ஒரு ஆளு?"

"எங்க அப்பா" என்றாள் ஒமாசா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்படியா! எப்படிச் செத்தாரு?"

"ஒருத்தன் கோணல்மாணலா எழுதியிருந்தான். பாத்துச் சிரிச்சாரு. நல்லாச் சிரிப்பாரு எங்க அப்பா."